பெர்ஃபெக்ட் என்றால் குறையற்றதா?

ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போன்ற வாக்கியங்களின் டென்ஸுக்குப் பெயர் பிரசன்ட் பெர்ஃபெக்ட். அதைப் போர்டில் எழுதியதுமே கடலூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பையன் கேட்டான்: “சார், அப்ப மத்த டென்ஸெல்லாம் பெர்ஃபெக்ட் இல்லையா?”

கேள்வி சரிதான். குழப்பம் சொல்லில் இருக்கிறது. லத்தீனில் ‘பெர்ஃபெக்டுஸ்’ என்றால் செய்து முடிக்கப்பட்டது. ‘பெர்’ முழுக்க, ‘ஃபாகெரே’ செய்தல். குறையற்றது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இலக்கணக்காரர்கள் பழைய பொருளை விடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் சொல்லும் ‘பார்ஃபே’யும் இதே வேர்தான்.

தமிழில் இதற்கு ‘முற்று’ என்று பெயர் வைத்தால் சிக்கல். ‘வந்தான்’ என்பதே நமக்கு வினைமுற்று. அதனால் நான் ‘நிறைவு நிகழ்காலம்’ என்கிறேன். சிம்பிள் பாஸ்ட், ‘தனி இறந்தகாலம்’. முதல் பெயரில் ‘நிகழ்காலம்’ என்ற பாதியை விட்டுவிடக் கூடாது. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பவர் இப்போது பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிறார். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்பவருக்குச் சாவி கிடைத்தும் இருக்கலாம்.

‘வந்திருக்கிறார்’ என்பதில் வினையெச்சத்தோடு ‘இரு’ சேர்கிறது. அந்த ‘இரு’தான் ‘ஹேவ்’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். பாதி தூரம் போகும், பிறகு காலை வாரும்.

பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 நவம்பரில் அங்கிருந்து கிளம்பியவரைக் கடலூர் அருகே கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். “பாரதி 1918ல நம்ம ஊரு ஜெயில்ல இருந்திருக்காரு” என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே ‘ஹேஸ் பீன்’ வராது, ‘வாஸ்’தான். 1918, யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ விலகிக்கொள்ளும்.

நம் ‘இரு’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலையில் ஈரத் தரையைப் பார்த்து “ராத்திரி மழை பேஞ்சிருக்கு” என்கிறோம். கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறோம் என்பது அந்த ‘இரு’வுக்குள் அடக்கம். ஆங்கிலத்தில் அந்த ஊகத்தைக் காட்ட ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்று ‘மஸ்ட்’டைக் கூட்டிவர வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். “சாப்டியா?” என்பதில் ‘இரு’வே இல்லை, இறந்தகாலம்தான். பிரிட்டிஷ் வழக்கில் அது ‘ஹேவ் யூ ஈட்டன்?’ ஆகிறது. அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட்?’ என்றும் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பிரெஞ்சின் ‘பசே கொம்போசே’ என்ற இறந்தகால வடிவமும் ‘ஹேவ்’ போன்ற துணைவினையோடுதான் பெரும்பாலும் வரும். ‘ஜே மான்ஜே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஐ ஹேவ் ஈட்டன்’. ஆனால் அதன் பக்கத்தில் நேற்று என்று பொருள்படும் ‘இயேர்’ கூச்சமில்லாமல் உட்காரும். அந்தப் பழக்கத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே’ என்று எழுதும் பிள்ளைக்கு மார்க் போகத்தான் செய்கிறது. பிரெஞ்சுத் தாளில் அதே அமைப்புக்கு முழு மார்க்.