முன்னால் ஊன்றிய கோல்

பர்மிங்காமில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 1966-ஆம் ஆண்டின் டிரையம்ப் போனவில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. முன் பிரேக் போதவில்லை. 1968 மாடலின் முன் பிரேக்கைத் தேடிப் பிடித்துப் பொருத்துங்கள் என்கிறார்கள். இரண்டிலும் டிரம்மின் விட்டம் 8 அங்குலம்தான்; ஷூவும் இரண்டுதான். பிறகு எப்படிக் கூடுதலாகப் பிடிக்கும்?”

அளவு மாறாமல் பிடி மட்டும் கூடுகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வித்தை உண்மையானது. மோட்டார் சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்த இயந்திர நுட்பமும் அதுதான்.

டிரம் பிரேக்கின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. சக்கரத்தோடு சுழலும் இரும்பு வளையம் டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், அவற்றின் முதுகில் ஒட்டிய லைனிங் என்ற உராய்வுப் பட்டை. ஷூவின் ஒரு முனை ஊசியில் மாட்டியிருக்கும். மறுமுனையில், திரும்பும்போது ஷூவை வெளியே தள்ளும் கேம் என்ற துண்டு இருக்கும். கைப்பிடியை இழுத்தால் கேபிள் கேமைத் திருப்பும். ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசும்.

இப்போது ஒரு கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். தடியைச் சாய்வாகப் பின்னால் விட்டு, நுனி தரையில் படும்படி இழுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதே தடியை அதே சாய்வில் முன்னால் நீட்டித் தள்ளிக்கொண்டு நடந்தால் நான்கு அடிக்குள் நுனி தரையில் குத்தி நின்றுவிடும். கையின் வலு மாறவில்லை, தரையும் மாறவில்லை. பின்னால் வரும் தடியின் நுனியை உராய்வு தரையிலிருந்து தூக்கிவிடப் பார்க்கிறது. முன்னால் போகும் தடியின் நுனியையோ தரைக்குள் அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் அழுத்தம் இன்னும் கூடும்.

பழைய போனவிலின் டிரம்முக்குள் இந்த இரண்டு தடிகளும் அருகருகே இருக்கின்றன. கேம் ஒன்றுதான், இரண்டு ஷூக்களையும் அதுவே தள்ளுகிறது. ஒரு ஷூவின் மீது டிரம் கேம் முனையிலிருந்து ஊசி முனையை நோக்கி ஓடுகிறது. உராய்வு அந்த ஷூவை மேலும் விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. பட்டறைகளில் இதை லீடிங் ஷூ என்பார்கள். நான் முந்து ஷூ என்கிறேன். எதிர்ப்பக்க ஷூவில் டிரம் ஊசியிலிருந்து கேமை நோக்கி ஓடுவதால் உராய்வு அதை உள்ளே தள்ளிவிடுகிறது. அது பிந்து ஷூ.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரம்மின் ஆரம் 100 மில்லிமீட்டர். ஊசிக்கும் கேமுக்கும் இடையே 160, ஊசிக்கும் டிரம்மின் மையத்துக்கும் இடையே 80 என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் உராய்வாக மாறும் பங்கு, 0.4. கேம் ஒவ்வொரு ஷூவையும் 50 கிலோ விசையோடு தள்ளுகிறது. ஊசியைச் சுற்றிய திருப்புத்திறன்களைச் சமன்படுத்தினால் முந்து ஷூ டிரம்மை 200 கிலோ விசையோடு அழுத்தும், பிந்து ஷூ 67 கிலோவோடுதான் அழுத்தும் என்று விடை வரும். பிடியாகச் சொன்னால் ஒன்று 80 கிலோ, மற்றது 27 கிலோ. ஒரே கை இழுத்த ஒரே கேபிள்தான். ஆனால் ஒரு ஷூ மற்றதைப் போல மூன்று மடங்கு வேலை செய்கிறது. அந்தக் கூடுதல் விசையைத் தருவது, நாம் நிறுத்தப் பார்க்கும் சக்கரமேதான். இதைப் பள்ளி இயற்பியலில் ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

1968 மாடலில் டிரையம்ப் செய்த மாற்றம் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, அதற்கென்று தனிக் கேம் வைத்தார்கள். இப்போது இரண்டுமே முந்து ஷூக்கள். 80-ம் 27-ம் சேர்ந்து 107 ஆக இருந்த பிடி, 80-ம் 80-ம் சேர்ந்து 160 ஆகிறது. டிரம்மைப் பெரிதாக்காமல், விரலுக்கு வேலை கூட்டாமல், ஒன்றரை மடங்கு. நடைமுறையில் லைனிங் தேயத் தேயக் கேமின் விசை இரண்டு ஷூக்களுக்கும் பங்காகும் விதம் மாறுவதால் இந்த விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். இரட்டை முந்து ஷூவுக்கே பிடி கூடுதல் என்பது மட்டும் மாறாது.

இதற்கு விலையும் உண்டு. ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில், முன்சக்கரத்தில் இப்படிப்பட்ட பிரேக் கொண்ட நண்பரின் பழைய வண்டியை ஓட்டிப் போனேன். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் நின்றது, நானும் நின்றேன். முன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி இடது காலை ஊன்றியிருந்தேன். கைப்பிடியை முழுக்க இழுத்தும் வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. வலது கால் பின் பிரேக்கைத் தேடிப் போனபோதுதான் காரணம் உறைத்தது: சக்கரம் பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூக்களுமே பிந்து ஷூக்கள் ஆகிவிடுகின்றன. மேலே போட்ட கணக்கின்படி 27-ம் 27-ம், வெறும் 54 கிலோ.

இன்னொரு விலை வெப்பம். ஆளோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால், 300 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது. அதில் பெரும்பங்கு முன் டிரம்முக்கு. லைனிங் சூடேறி உராய்வுக் கெழு 0.4-இலிருந்து 0.3 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். கெழுவில் குறைந்தது கால் பங்கு. ஆனால் இரட்டை முந்து ஷூவின் பிடி 160 கிலோவிலிருந்து 96 ஆகச் சரியும். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் எந்த அமைப்பும் தன் இழப்பையும் அதேபோலப் பெருக்கிக்கொள்ளும். ஈரமான காலையில் டிரம்முக்குள் மெல்லிய துரு படிந்திருந்தால் கதை எதிர்ப்பக்கம் திரும்பும். முதல் பிடியிலேயே சக்கரம் வெடுக்கென்று கவ்வும். டிஸ்க் பிரேக்கில் இந்தச் சுயபெருக்கம் கிடையாது. கெழு கால் பங்கு குறைந்தால் பிடியும் கால் பங்கு மட்டுமே குறையும். 1969-இல் ஹோண்டா சிபி750 முன் டிஸ்க்கோடு வந்த பிறகு பிரிட்டிஷ் நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்ததற்கு இந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம்.

அங்கேயும் மேம்படுத்த இடமிருந்தது. 1972-இல் டிஸ்க் பெற்ற நார்ட்டன் கமாண்டோவின் கைப்பிடி மரக்கட்டைபோல இருக்கும் என்பது பரவலான குறை. கைப்பிடியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் துளை சுமார் 16 மில்லிமீட்டர். அதற்குள் உறை செருகி 13 ஆகக் குறைப்பார்கள். பரப்பு குறைவதால் அதே விரல் விசைக்கு அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கைப்பிடி கூடுதல் தூரம் நகரும், அவ்வளவுதான்.

உராய்வு என்றதும் பீட்டர் ஜோஸ்ட் குழுவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் வண்டி பிறந்த அதே 1966-இல், உராய்வு, தேய்மானம், உயவு பற்றிய அறிவைத் தொழிற்சாலைகள் ஒழுங்காகப் பயன்படுத்தினால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அந்தக் குழு அரசுக்கு அறிக்கை தந்தது. டிரைபாலஜி என்ற துறைப்பெயரே அப்போது வந்ததுதான். விண்கலத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் லைனிங் ஆராய்ச்சிக்குக் கிடைக்காது. ஆனால் நம் நாட்டில் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் தங்கள் உயிரை அந்த லைனிங்கிடம்தான் ஒப்படைக்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளின் உராய்வு ஆய்வகங்களுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் வேலை. பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. அந்தக் கால லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. பிரிட்டன் அதை முழுமையாகத் தடை செய்தது 1999-இல்தான். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஷூக்களைச் சுமக்கும் பிரேக் பிளேட் சுழலாமல் தாங்கும் பிடிமானம் ஃபோர்க்கில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். புதிய பிடியின் எதிர்விசை முழுவதும் அங்குதான் இறங்குகிறது.

பிறகு, இரண்டு கேம் நெம்புகோல்களையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி. அதன் நீளம் சற்றுப் பிசகினாலும் ஒரு ஷூ டிரம்மைத் தொட்டபின் மற்றது வெளியே நின்று வேடிக்கை பார்க்கும். செலவு செய்ததெல்லாம் வீண். கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு நெம்புகோலையும் தனித்தனியே திருப்பி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கம்பியின் முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்து நெம்புகோலின் ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டையும் இணைக்கும் ஊசியை மேலே வைத்து விரலை எடுத்துவிடுங்கள். அது தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். தட்டினால்தான் இறங்குகிறது என்றால் கம்பியை இன்னும் அரைச் சுற்றுத் திருகிப் பாருங்கள்.