மூன்றடி பால்கனிக்கு எந்த ரோஜா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் பால்கனி எட்டடி நீளம், மூன்றடி அகலம். ரோஜா வாங்க நர்சரிக்குப் போனால், எல்லாச் செடியும் முழ உயரத்தில், ஒரே மாதிரி கறுப்புப் பையில், ஒன்றிரண்டு பூவோடு நிற்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். ஒரு வருடத்தில் ஒன்று முழங்கால் உயரத்தில் நிற்க, இன்னொன்று துணிக்கொடியைத் தொடுகிறது. மண்ணும் எருவும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விஷயம் குச்சியின் நுனியில் இருக்கிறது. ரோஜா நுனியில்தான் பூக்கும். நுனி மொட்டாக மாறிவிட்டால் அந்தக் குச்சி அதற்குமேல் நீளாது. கீழே ஏதாவது கணுவிலிருந்து புதுத் தளிர் வர வேண்டும். சீக்கிரம் சீக்கிரம் பூக்கிற செடி அடக்கமாக இருக்கும். பூவைத் தள்ளிப்போடுகிற செடி நீண்டுகொண்டே போகும்.

பூப்பதைத் தள்ளிப்போட ரோஜாவில் ஒரு மரபணு இருக்கிறது. அதன் பெயர் கே.எஸ்.என். வசந்தத்தில் ஒரே ஒருமுறை பூக்கும் காட்டு ரோஜாக்களில், பூத்து முடிந்ததும் இது வேலையைத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் குச்சிகளில் பூவே கிடையாது, நீளம் மட்டும்தான். சீனத் தோட்டங்களின் பழைய ரோஜாக்களில் இந்த மரபணுவுக்கு நடுவே வேறொரு மரபுத் துண்டு வந்து செருகிக்கொண்டது. தடுப்பு வேலை செய்யாமல் போகவே, வரும் குச்சியெல்லாம் பூத்தது. இது 2012இல் தெளிவானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சீன ரோஜாக்கள் ஐரோப்பா போய், அங்குள்ள ரோஜாக்களோடு கலந்தன. இன்று நாம் வாங்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும் ரகங்கள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். ஒரு தற்செயல் எவ்வளவு பூக்களைத் தந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

புதர்ச் செடி ஒன்றிலிருந்தே கொடி ரகமும் பிறப்பதுண்டு. வெள்ளை ‘ஐஸ்பெர்க்’ ஜெர்மனியில் கோர்டெஸ் நர்சரி 1958இல் கொண்டுவந்த புதர் ரகம். மூன்று நான்கு அடி வளரும். 1968இல் வந்த ‘கிளைம்பிங் ஐஸ்பெர்க்’ பத்தடியைச் சாதாரணமாகத் தாண்டும். பூவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் “அண்ணா, இது செடியா, கொடியா?” என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ தருகிற ஹைபிரிட் டீ நான்கு முதல் ஆறடி போகும், பதினான்கு அங்குலத் தொட்டியாவது வேண்டும். மூன்றடி அகலத்தில் அதை நான் வைக்க மாட்டேன். கொத்துக் கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா ஒன்று போதும். மீதி இடத்துக்கு பட்டன் ரோஜா. அதில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளியே குறைவு, இலையும் சிறியது. ஓர் அடி, ஒன்றரை அடியோடு நிற்கும், எட்டு அங்குலத் தொட்டி தாங்கும்.

கிரில் இருந்தால் ஒரு கொடி ரோஜாவும் வைக்கலாம், தரையில் அது ஒரு தொட்டி இடத்தைத்தான் கேட்கும். ஆனால் மேலே ஏற்றாமல் கிரில்லோடு படுக்கையாகக் கட்டுங்கள். நிமிர்ந்த குச்சியின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, கணுக்களின் பக்கத் துளிர்களை அடக்கி வைக்கிறது. குச்சியைச் சாய்த்தால் அந்தப் பிடி தளரும். கணுக்கள் வரிசையாகத் துளிர்த்து ஒவ்வொன்றும் பூக்கும்.

தொட்டிகளை நெருக்கி அடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் இலை ஏழு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளிப் பூஞ்சைக்கு அது போதும்.

அப்புறம், வெயில். ரோஜாவுக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். குறைந்தால் குச்சி மெலிந்து நீண்டு, நுனியில் மொட்டே வராமல் நின்றுவிடும். தெற்குப் பார்த்த பால்கனி நல்லது என்பார்கள். பெங்களூரு 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் தெற்குப் பால்கனிக்கு நேர் வெயில் கிட்டத்தட்ட இல்லை. பட்டன் ரோஜாத் தொட்டி ஈர மண்ணோடு ஐந்தாறு கிலோ இருக்கும். கைக்கு ஒன்றாகத் தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிடுகிறேன். பதினான்கு அங்குலத் தொட்டி என்றால் முப்பது கிலோவை நெருங்கும், அது இருந்த இடத்திலேயே ஆகஸ்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.