உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா? திருகோணமலையில் முதல் வீடு வாங்குமுன்

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை அறை, பேர்ச் என்ன விலை என்றுதான். திருகோணமலையில் அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது, அந்தக் காணிக்கு இருப்பது என்ன பத்திரம் என்பதை. மூன்று வகை இங்கே பரவலாகக் கிடக்கிறது. நொத்தாரிசு முடித்த தனியார் உறுதி ஒன்று. அரசு வழங்கிய அளிப்பு மற்றொன்று. மூன்றாவது, அரச காணியில் இருந்து பயன்படுத்த இடங்கொடுக்கும் வெறும் அனுமதிப்பத்திரம்.

பிந்திய இரண்டும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளில் இவைதான் அதிகம். அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரணக் காணிபோல் விற்க முடியாது. அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி வேண்டும். அது இல்லாமல் முடித்த உறுதி செல்லாது. ஆனாலும் சத்தியக்கடதாசி ஒன்றை எழுதிக் கையொப்பம் வைத்துக் காசு கைமாறுவது நடந்துகொண்டே இருக்கிறது. காசு கொடுத்தவர் பத்து வருடம் குடியிருந்து, வீட்டையும் திருத்திக் கட்டிய பிறகு, பத்திரத்தில் பெயர் உள்ள பின்னுரித்தாளர், அதாவது காணிக்கு அடுத்த உரித்தாளர், வந்து நின்றால் வாங்கியவர் கையில் காட்ட எதுவும் இருக்காது. நெடுங்காலம் குடியிருந்ததை வைத்து அரச காணியில் ஆட்சி உரிமை கோரவும் வழியில்லை.

வீடமைப்புக் கொள்கை வகுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போருக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் வந்த திட்டங்கள் கட்டிமுடித்த வீடுகளை எண்ணின, முடிந்த உறுதிகளை எண்ணவில்லை. சுவரும் கூரையும் கிடைத்த குடும்பத்துக்கு அந்த வீட்டை வங்கியில் ஈடுவைக்கவோ சட்டப்படி விற்கவோ முடியாவிட்டால், வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் பொருள்.

தனியார் உறுதி என்றாலும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவியுங்கள். ஈடு, வழக்குப் பதிவு, பிரிபடாத பங்கு எல்லாம் அங்கேதான் தெரியவரும். அண்ணன் தம்பி நால்வருக்குரிய காணியில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால் நீங்கள் வாங்கியது அவருடைய பங்கை மாத்திரமே, அவர் காட்டிய மூலையை அல்ல. சீதன உறுதியில் பெற்றோரின் சீவிய உரித்து இருக்கிறதா என்று வரிவரியாக வாசியுங்கள். இருந்தால், அதை அவர்கள் உறுதிமூலம் விட்டுக்கொடுக்காதவரை அந்த வீட்டில் வாழும் உரிமை அவர்களுடையதே. விற்பவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பியிருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்த நாளோடு அது முடிந்துவிடும்.

இடம்பெயர்ந்தவர்களின் காணியில் இன்னொரு சிக்கல். “பத்து வருடத்துக்கு மேலாக நான்தான் இருக்கிறேன்” என்ற பேச்சை நம்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களை, இப்படி ஆட்சி உரிமை கோருவோரிடமிருந்து பாதுகாக்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாங்குகிறவர்கள் கடலில் இருந்து தூரத்தை அளந்து பார்க்கவேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை. காணி வன, தொல்பொருள் திணைக்களங்களின் அல்லது துறைமுக அதிகாரசபையின் எல்லைக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கட்டட அனுமதி, அனுமதித்தபடியே கட்டியதைக் காட்டும் இணக்கச் சான்றிதழ், தெருவுக்கென ஒதுக்கிய எல்லையான தெருக்கோடு ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றத்தில் பார்க்கலாம். நகர அபிவிருத்தி விதிகளில் வதிவிடத் துண்டின் ஆகக்குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். அதைவிடச் சிறிதாக வெட்டிய துண்டுக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

கிணற்றைப் புரட்டாதியில் பாருங்கள், ஒழுங்கையை மார்கழியில் பாருங்கள். வாடைமழைக்கு முன் கரையோரக் கிணறுகள் உவர்க்கும். மழையில் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைச் சுவரில் உள்ள கறையே காட்டும்.

காசுக் கணக்கில் முத்திரைத் தீர்வையை மறந்துவிடுகிறார்கள். பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%. 50 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 1,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கூலியும் நில அளவையும் அதற்கு மேல். தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்த காசுக்கு அத்தாட்சியே இல்லாமல் போய்விடும்.

முற்பணத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். காணி விற்பனை உடன்படிக்கையும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசுக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் கைச்சாத்திடப்பட வேண்டும். கையொப்பமிடும் நாள் காலையில் பதிவேட்டை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், மோசடியில் பங்கில்லாமல் விலைகொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே சட்டம் முன்னுரிமை தரும். ஆகவே உறுதி முடிந்த கையோடு பதிவுக்குக் கொடுத்த நாளையும் இலக்கத்தையும் நொத்தாரிசிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.