என்ட்ரியிசம்னா என்ன, தமிழ்ல அதை எப்படிச் சொல்றது?

என்ட்ரின்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது தியேட்டர்ல ஹீரோ என்ட்ரி, விசிலு, பேப்பர் பறக்குறது. இந்த என்ட்ரியிசம் அதுக்கு நேர் எதிர், ஆரவாரம் இல்லாம உள்ள போறது. 2025 நவம்பர்ல நியூயார்க் மேயர் தேர்தல்ல சோஹ்ரான் மம்தானி ஜெயிச்சதும், புதுச்சேரி கடலூர் பக்கம் சங்க வேலை பாக்குற எங்க தோழர்கள் வாட்ஸ்அப்ல ஒரே சண்டை. அவர் சோசலிஸ்ட், ஆனா நின்னது டெமாக்ரட் கட்சி வேட்பாளரா, அது பக்கா முதலாளித்துவக் கட்சி, அப்ப இது துரோகமா தந்திரமான்னு. ஒருத்தர் "இதுதான் தோழர் என்ட்ரியிசம்"னு போட்டார், இன்னொருத்தர் "காங்கிரஸ்ல சேந்தவன் எல்லாம் என்ட்ரியிஸ்டா?"னு கேட்டார். ரெண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல பொருள். கொள்கை உறுதியா இருக்கிற ஒரு சின்ன அமைப்பு தன்னோட ஆட்களை ஒரு பெரிய கட்சிக்குள்ள சேரச் சொல்லும், அவங்க உள்ள இருந்துகிட்டே தங்க பக்கம் ஆள் சேப்பாங்க, முடிஞ்சா அந்தக் கட்சியையே இடதுபக்கம் திருப்பப் பாப்பாங்க. ஆனா உள்ள போனதுக்கு அப்புறமும் தங்களோட அமைப்பைக் கலைக்க மாட்டாங்க, அவங்களுக்குன்னு ஒரு பத்திரிகை இருக்கும், அவங்களுக்குன்னு தனியா கூட்டம் நடக்கும், எப்ப வெளிய வர்றதுன்னு மனசுல ஒரு கணக்கும் இருக்கும். இந்தக் கடைசிப் பகுதி இல்லேன்னா அது என்ட்ரியிசமே இல்ல, சும்மா கட்சியில சேந்தது, அவ்ளோதான்.

சொல் பொறந்தது பிரெஞ்சுல. "நுழை"ங்கிறதுக்கு அவங்க வினைச்சொல் "ஆந்த்ரே", அதுல இருந்து "ஆந்த்ரிஸ்ம்", அது இங்கிலீஷுக்குப் போயி என்ட்ரியிசம் ஆச்சு. பிரெஞ்சுல பொறக்க ஒரு காரணம் இருக்கு. 1934 பிப்ரவரி 6ஆம் தேதி பாரிஸ்ல வலதுசாரிக் கும்பல்கள் பார்லிமென்டை நோக்கிப் போயி கலவரம் பண்ணுச்சு, ஜெர்மனியில ஹிட்லர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, பிரான்ஸும் அதே வழியில போயிடுமோன்னு எல்லாருக்கும் பயம். அடிச்சுகிட்டு இருந்த சோசலிஸ்ட் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஜூலையில ஒப்பந்தம் போட்டுகிச்சு. இந்த நேரத்துல, ஸ்டாலின் நாட்டை விட்டு விரட்டின ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கி பக்கம் இருந்த பிரெஞ்சுக் குழு ரொம்பச் சின்னது, வெளிய நின்னு கத்துனா யாரும் கேக்க மாட்டாங்க. அப்ப பிரான்ஸ்லயே தங்கியிருந்த ட்ராட்ஸ்கி, எஸ்எஃப்ஐஓன்னு சுருக்கமா சொல்ற அந்தப் பெரிய சோசலிஸ்ட் கட்சிக்குள்ள போங்கன்னு சொன்னார், போனாங்க, உள்ள ஒரு தனிக் குழுவா தங்க பேரைச் சொல்லிகிட்டே வேலை பாத்தாங்க, 1935லயே வெளிய தள்ளிட்டாங்க. இதுக்குப் பேரு "பிரெஞ்சுத் திருப்பம்". அமெரிக்காவுலயும் 1936ல இதே மாதிரி அங்க இருந்த சோசலிஸ்ட் கட்சிக்குள்ள போயி, 1937ல வெளியேத்தப்பட்டு, போகும்போது இருந்ததைவிட கூடுதல் ஆளோட வெளிய வந்து தனிக்கட்சி கட்டினாங்க.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். அப்ப அவங்க நுழைஞ்சது தொழிலாளிங்க நெறஞ்சு கெடந்த சோசலிஸ்ட் கட்சிகளுக்குள்ள, முதலாளிங்க நடத்துற கட்சிக்குள்ள இல்ல. அந்த விஷயத்துல ட்ராட்ஸ்கிக்கு வேற கருத்து. சீனாவுல 1920கள்ல கம்யூனிஸ்டுகள் கோமின்டாங்கிற தேசியவாதக் கட்சியில உறுப்பினரா சேந்து வேலை பாத்தாங்க, மாஸ்கோ சொன்ன வழி அது, 1927 ஏப்ரல்ல அந்தக் கட்சியோட தலைவர் சியாங் கை ஷேக் ஷாங்காய்ல அவங்களையே வேட்டையாடினார். கோமின்டாங்கை விட்டு வெளிய வாங்கன்னு முன்னாடியே வாதாடினவர் ட்ராட்ஸ்கி. அதே ஆள்தான் 1934ல உள்ள போங்கன்னும் சொன்னார். எந்த வீட்டுக்குள்ள போறோம்ங்கிறதுதான் அவருக்கு முக்கியமா இருந்துச்சு. ஆக டெமாக்ரட் கட்சிக்கோ காங்கிரசுக்கோ என்ட்ரியிசம்னு பேர் வைக்கிறது, சொல்லை அதோட மொதல் எல்லையைத் தாண்டி இழுக்கிறதுதான், தப்புன்னு சொல்லல, தெரிஞ்சு இழுக்கணும்.

புதுச்சேரிக்காரங்களுக்கு அந்த எஸ்எஃப்ஐஓ அந்நியக் கட்சி இல்ல. 1936 ஜூன்ல அந்தக் கட்சித் தலைவர் லெயோன் ப்ளூம்தான் மக்கள் முன்னணிங்கிற இடதுசாரிக் கூட்டணி சார்பா பிரான்ஸ் பிரதமரா ஆனார். அடுத்த மாசம், ஜூலை 30ஆம் தேதி, புதுச்சேரி சவானா பஞ்சாலை மில்லுல உள்ளிருப்புப் போராட்டத்துல இருந்த தொழிலாளிங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க. மேல பாரிஸ்ல சோசலிஸ்ட் பிரதமர், கீழ இங்க துப்பாக்கி. 1937ல எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்துச்சு, ஆசியாவுலயே மொதல் தடவைன்னு நம்ம ஊர்ல பெருமையா சொல்லுவாங்க. அந்தச் சட்டம் வந்ததுக்கு பாரிஸ் ஆட்சியும் ஒரு காரணம், இல்லேங்கல, ஆனா நம்ம ஊர் கம்யூனிஸ்ட் தலைவர் வ.சுப்பையாவும் மத்தவங்களும் மூணு மில்லுலயும் கட்டின சங்கம் இல்லேன்னா பாரிஸ்ல யார் பிரதமரா இருந்தா நமக்கென்ன. எட்டு மணி நேரம் கேட்டவன் எவனும் எஸ்எஃப்ஐஓவுக்குள்ள நுழைஞ்சு போயி கேக்கல. 

சரி, சொல்லு எப்படிக் கெட்ட வார்த்தையா மாறுச்சு? அது இங்கிலாந்து வேலை. 1950கள்ல பாப்லோங்கிற ட்ராட்ஸ்கியவாதத் தலைவர் "தனிவகை நுழைவு"ன்னு ஒண்ணு கொண்டுவந்தார், அதாவது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, நீண்ட காலத்துக்கு உள்ளயே இருக்கிறது, அடையாளத்தை அடக்கி வாசிக்கிறது. இங்கிலாந்தோட லேபர் கட்சிக்குள்ள நீண்ட காலம் இருந்து இதை ஊர் முழுக்கப் பேச வெச்சது மிலிடன்ட் குழு. 1964ல ஆரம்பிச்ச அவங்க பத்திரிகைக்கும் அதே பேர், யாராவது கேட்டா "நாங்க தனி அமைப்பு எல்லாம் இல்லீங்க, பத்திரிகையை ஆதரிக்கிறவங்க, அவ்ளோதான்"ம்பாங்க, உள்ள முழுநேர ஊழியர்ல இருந்து எல்லாம் இருக்கும். 1983ல லேபர் சீட்டுல ரெண்டு எம்பி, லிவர்பூல் மாநகராட்சி கையில. அங்க நல்ல வேலையும் நடந்துச்சு, ஆயிரக்கணக்குல வீடு கட்டினாங்க, தாட்சர் அரசு பணத்தை வெட்டினப்ப எதிர்த்து நின்னாங்க. ஆனா 1985ல கஜானா காலியாகப் போகுதுன்னு ஒரு தந்திரமா தங்களோட சொந்த ஊழியர்கள் 30,000 பேருக்கும் மேல வேலைநீக்க நோட்டீஸ் கொடுக்க முடிவு பண்ணாங்க, அதைக் கொண்டுபோய்ச் சேக்க டாக்சி அமர்த்தினாங்க. ஒரு சோசலிஸ்ட் நிர்வாகம், தொழிலாளி வீட்டு வாசல்ல டாக்சி, அதுல இருந்து எறங்குது வேலைநீக்க நோட்டீஸ். கட்சித் தலைவர் நீல் கின்னக் அந்த வருஷ மாநாட்டு மேடையில அந்த டாக்சியைச் சொல்லியே கிழிச்சார், அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா வெளியேத்தம். இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்குவான்னு லேபர் தலைமை சொல்லுச்சு, மடமே எங்க தாத்தன் கட்டினதுடான்னு இவங்க சொன்னாங்க. நான் ரெண்டு பக்கமும் முழுசா நிக்க மாட்டேன், ஆனா அமைப்பே இல்லேன்னு சொல்லிகிட்டு அமைப்பு நடத்துனது அவங்களுக்குக் கேடாத்தான் முடிஞ்சுது. 1934ல பிரான்ஸ்ல போனவங்க தங்க கொடியைக் காட்டிகிட்டே போனாங்க, வித்தியாசம் அங்கதான்.

தமிழ்ல இந்த விஷயத்துக்கு "ஊடுருவல்"னு எழுதுறாங்க, அது எல்லையில தீவிரவாதி வர்றதுக்குப் பேப்பர்ல போடுற சொல்லு, படிக்கும்போதே குத்தவாளி ஆக்கிடும். பேச்சுவழக்குல கட்சிக்காரங்க சொல்றது "உள்குத்து", அது இன்னும் மோசம், ஆனா எதிராளி பார்வையை அப்படியே காட்டுற சொல்லுதான், அந்த வகையில நல்ல தமிழ். "நுழைவுவாதம்"னும் ஒண்ணு இருக்கு, இசம் வர்ற எடத்துல எல்லாம் வாதம் போட்டுப் பழகிட்டோம், நம்ம ஊர்ல வாதம்னா கைகால் முடங்குறதும் வாதம்தான், சில குழுக்களைப் பாத்தா அது பொருந்தவும் செய்யுது. எனக்கு இதுல இருக்கிற குறை வேற. இது ஒரு கொள்கை இல்ல, ஒரு நேரத்துக்கான வழி, அதனால "உட்புகு உத்தி"ன்னு சொல்றது சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். செய்றவங்க "உட்புகுந்தோர்". வாய்ல சொல்லும்போது "உள்ள போயி வேலை பாக்குறது"ன்னாலே எந்தத் தோழருக்கும் புரியும்.

இப்ப நம்ம நாட்டுக் கதை. அதே 1934ல, இங்க காங்கிரசுக்குள்ளயே காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி உருவாச்சு, ஜெயப்பிரகாஷ் நாராயண், நரேந்திர தேவ் எல்லாம். இவங்க வெளிய இருந்து உட்புகுந்தவங்க இல்ல, காங்கிரஸ்காரங்களே ஜெயில்ல உக்காந்து யோசிச்சு உள்ளயே கட்டின அணி. ஆனா அதே வருஷம் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை பண்ணிட்டான் வெள்ளைக்காரன், 1936ல இருந்து கம்யூனிஸ்டுகள் இந்த சோசலிஸ்ட் கட்சிக்குள்ள வந்தாங்க. அதுதான் அச்சு அசலான உட்புகு உத்தி, உள்ளுக்குள்ள இன்னொரு உள்ளு. நம்ம பக்கம் ஜீவா, பி.ராமமூர்த்தி, கேரளாவுல இஎம்எஸ், கிருஷ்ண பிள்ளை மாதிரி ஏற்கெனவே சோசலிஸ்ட் கட்சிக்குள்ள இருந்தவங்களும் கம்யூனிஸ்ட் பக்கம் வந்தாங்க. 1940ல ஜெயப்பிரகாஷ் தரப்பு கம்யூனிஸ்டுகளை வெளியேத்தினப்ப, தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா கிளைகள் கிட்டத்தட்ட மொத்தமா கம்யூனிஸ்ட் கட்சி பக்கம் வந்துடுச்சு. அளவுல பாத்தா லிவர்பூல் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. 1948ல காங்கிரஸ், கட்சிக்குள்ள கட்சி கூடாதுன்னு விதியே போட்டுச்சு, சோசலிஸ்டுகளும் வெளிய போனாங்க.

புதுச்சேரி வாக்காளருக்கு நேரடியாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உண்டு, மோகன் குமாரமங்கலம். ஈட்டன்ல படிச்சு, கேம்பிரிட்ஜ்ல கம்யூனிஸ்ட் ஆகி, இங்க வந்து கட்சி வேலை பாத்து ஜெயிலுக்கும் போனவர். காங்கிரசுக்குள்ள இருக்கிற முற்போக்கு ஆட்களோட கை கோத்து, உள்ள இருந்தே அதைத் திருப்பணும்னு அவர் வெச்ச வாதத்துக்கு "குமாரமங்கலம் தீசிஸ்"னே பேர். 1971ல புதுச்சேரியில இருந்து இந்திரா காங்கிரஸ் எம்பி, எஃகு சுரங்கத்துறை மந்திரி. நிலக்கரிச் சுரங்கங்களை 1971ல இருந்து 1973க்குள்ள அரசுடைமை ஆக்கினதுல அவர் பங்கு பெருசு, அதை யாரும் மறுக்க முடியாது. அதே 1973 ஏப்ரல்ல மூத்த நீதிபதிகளைத் தாண்டி வேற ஒருத்தரைத் தலைமை நீதிபதி ஆக்கினப்ப நாடாளுமன்றத்துல அதுக்கு வக்காலத்து வாங்கினவரும் அவர்தான். மே 31ல டெல்லி விமான விபத்துல போயிட்டார். ரெண்டு வருஷத்துல எமர்ஜென்சி. 2020ல வணிகத்துக்கு நிலக்கரி எடுக்க தனியாருக்கு ஏலம் விட்டாங்க, அதைத் தடுக்க அவர் பேர் சொல்ற அணி ஒண்ணும் காங்கிரசுக்குள்ள நிக்கல, ஏன்னா அப்படி ஒரு அணியை அவர் கட்டவே இல்ல, கட்ட நேரமும் கெடைக்கல. இதை என்ட்ரியிசம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நல்ல மந்திரி, தனி ஆள்.

பேரை மட்டும் பாத்து ஏமாறக் கூடாதுங்கிறதுக்கும் இதே ஊர்ல ஆள் இருக்கு. பீச் ரோட்டுக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் பேரா இருக்கிற எதுவார் குபேர் நடத்துனது பிரெஞ்சிந்திய சோசலிஸ்ட் கட்சி. பிரெஞ்சு ஆட்சி பக்கம் நின்னு, 1954ல இந்தியாவோட இணைப்புப் பக்கம் மாறி, அப்புறம் காங்கிரஸ்ல முதலமைச்சர் ஆனார். பேர்ல சோசலிசம், கையில அதிகாரம். இதுக்குத் தமிழ்ல ஏற்கெனவே சொல் இருக்கு, கட்சித் தாவல்.

அப்ப மம்தானி? அமெரிக்காவுல கட்சின்னா நம்ம மாதிரி உறுப்பினர் அட்டை, மாவட்டச் செயலாளர், மேலிடம்னு இல்ல. வேட்பாளர் யாருன்னு உட்கட்சித் தேர்தல்ல வாக்காளர்களே முடிவு பண்றாங்க, அந்தத் தேர்தலை நடத்துறது அரசாங்கம், நான் டெமாக்ரட்னு பதிஞ்சுட்டு நின்னா தலைமை நெனைச்சாலும் வெளிய தள்ள முடியாது. 1934லயே அப்டன் சிங்க்ளேர்ங்கிற சோசலிஸ்ட் எழுத்தாளர் அப்படித்தான் கலிபோர்னியா கவர்னருக்கு டெமாக்ரட் வேட்பாளரா ஜெயிச்சு வந்து, பொதுத் தேர்தல்ல தோத்தார். மைக்கேல் ஹாரிங்டன் வழியில 1982ல உருவான அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்புதான் மம்தானியோட அமைப்பு, வெளிய தனியா இருக்கு, யாரும் மறைக்கல. கதவே இல்லாத வீட்டுக்குள்ள நுழையறதுக்கு என்ட்ரியிசம்னு பேர் எதுக்கு? அதை வேணா "சீட்டு இரவல்"னு சொல்லலாம்.

இங்க அப்படி இல்லவே இல்ல. சீட்டு குடுக்கிறது தலைமை. ஜெயிச்சதுக்கு அப்புறம் 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், பத்தாவது அட்டவணை, கொறடா சொன்னதுக்கு மாத்தி ஓட்டுப் போட்டா பதவி போச்சு. அதனாலதான் 2021 பிப்ரவரியில புதுச்சேரியில ஆட்சி கவுந்தப்ப எம்எல்ஏக்கள் எதிர்த்து ஓட்டுப் போடல, ராஜினாமா பண்ணாங்க. பெரிய கட்சிச் சின்னத்துல ஜெயிச்ச ஒரு சோசலிஸ்ட் எம்எல்ஏ, மின்துறையைத் தனியாருக்குக் குடுக்கிற மசோதாவை எதிர்க்கணும்னா பதவியை வெச்சுகிட்டு எதிர்க்க முடியாது. இடதுசாரிக் கட்சிகள் திமுகவோட வைக்கிறது கூட்டணி, தங்க சின்னம், தங்க கொடி, அதை யாராவது என்ட்ரியிசம்னு சொன்னா திருத்துங்க. சட்டசபை வழியா உட்புகு உத்தி இந்த நாட்டுல கிட்டத்தட்ட சட்டத்தாலயே அடைபட்டுப் போச்சு, மிச்சம் இருக்கிறது சங்கங்களுக்குள்ள. அதே மின்துறைக்காக 2022ல ஊழியர்கள் வேலைநிறுத்தம் பண்ணப்ப, யார் எந்தக் கட்சி அட்டை வெச்சிருக்கான்னு கேட்டுகிட்டு யாரும் பந்தல்ல உக்காரல.