இரண்டு கண்ணுக்கு இரண்டு பவர்

ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு இடது கண்ணில் பிளஸ் 1, வலது கண்ணில் பிளஸ் 4 பவர் என்று வைத்துக்கொள்வோம். மாறுகண் கிடையாது, ஓடியாடி விளையாடுகிறது. வலது கண்ணில் பார்வை சரியாக வளரவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது.

பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை உள்ள குழந்தை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தடிக்கவைத்துக் குறையைத் தானே ஈடுகட்டிவிடும். ஆனால் அதற்கான கட்டளை மூளையிலிருந்து இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில்தான் போகிறது. இடது கண்ணுக்குத் தெளிவு கிடைத்ததும் முயற்சி நின்றுவிடும். வலது கண்ணுக்கு இன்னும் 3 டயாப்டர் (பவரின் அலகு) பாக்கி. கிட்டத்திலும் எட்டத்திலும் அதற்கு மங்கல்தான். மைனஸ் பவரில், அதாவது கிட்டப்பார்வையில் இவ்வளவு மோசமில்லை. மைனஸ் 3 உள்ள கண், ஓரடி தூரத்துப் புத்தகத்தையாவது தெளிவாகப் பார்த்துவிடும்.

மங்கல் தொடர்ந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்குகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் (ஆம்பிளியோபியா) என்கிறார்கள். 1960களில் ஹியூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடித் தைத்து வளர்த்தார்கள். பிறகு திறந்து பார்த்தால், கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியில் அதற்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனைகளில் அப்படி ஆகவில்லை. 1981இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மங்கல், தையல் அளவுக்குக் கொடுமையானதல்ல. ஆனாலும் இரு கண்களின் செய்தியையும் சேர்த்து வாங்கும் செல்கள் பாதிக்கப்படுகின்றன. இரு கண்களும் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால் வரும் வித்தியாசத்திலிருந்துதான் நுணுக்கமான ஆழ உணர்வு பிறக்கிறது என்று 1838லேயே ஆங்கிலேய விஞ்ஞானி வீட்ஸ்டோன் காட்டினார். ஊசியில் நூல் கோக்க அது கைகொடுக்கும்.

சிகிச்சையில் முதலில் வருவது கண்ணாடி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கண்ணாடியை விட்டுவிட்டு நல்ல கண்ணை மட்டும் மூடினால், பலவீனமான கண் மங்கலைத்தான் பார்த்துப் பழகும். 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கு அப்புறம் நல்ல கண்ணை மூடும் பேட்ச், அல்லது அந்தக் கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து. நடுத்தரப் பாதிப்புக்கு தினம் 2 மணி நேரப் பேட்ச், 6 மணி நேரத்துக்கு ஈடான பலன் தருகிறது.

பள்ளியில் சேர்க்கும் முன்பே, லென்ஸைத் தளர்த்தும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருந்து விடாவிட்டால் குழந்தையின் லென்ஸ் பிளஸ் பவரை மறைத்துவிடும். ஏழு வயது தாண்டிவிட்டது என்று யாராவது கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வயது வரையிலும் பல குழந்தைகளுக்குப் பார்வை முன்னேறியிருக்கிறது.