நாய் ஏன் ஓடுகிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது

“உண்ணி கடித்துப் புண்ணாகிவிட்டது, டாக்டர்” என்று சொல்லித்தான் அந்த லாப்ரடாரை அழைத்து வந்தார்கள். கழுத்து முடியை விலக்கிப் பார்த்தேன். தொண்டைக்குச் சற்றுக் கீழே, ஒரே மட்டத்தில், ஒரே அளவில் இரண்டு வட்டக் குழிகள். உள்ளே சீழ். உண்ணி அளவெடுத்துக் கடிப்பதில்லை.

“ஷாக் காலர் போட்டிருந்தீர்களா?” என்று கேட்டேன். ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை அது. உரிமையாளர் மனைவியைப் பார்த்தார், மனைவி தரையைப் பார்த்தார். கேட் திறந்தால் போதும், நாய் ஓடிவிடுகிறதாம். ஒருமுறை இரண்டு நாள் தேடி அலைந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வாங்கிய காலரை இரவில்கூடக் கழற்றவில்லை. “ஷாக் கொடுத்ததே ஏழெட்டு முறைதான் டாக்டர். அதற்கா இப்படிச் சுட்டுவிட்டது?”

சுடவில்லை. மின்சாரம் தோலைத் தொட வேண்டும் என்பதற்காக அந்தக் காலரின் உட்புறத்தில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். முடியைத் தாண்டித் தோலில் படும்படி இறுக்கிக் கட்டினால்தான் வேலை செய்யும். அப்படிப் பல மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிடும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் வருகிற புண்ணும் இப்படித்தான் உண்டாகிறது. ஒருமுறைகூட பொத்தானை அழுத்தாத வீட்டு நாய்க்கும் இந்தப் புண் வரலாம்.

புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுப்பது சுலபம். அந்தக் காலர் நாயின் தலைக்குள் என்ன செய்தது என்பதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரம் பிடிக்கிறது.

ரிமோட்டில் 1 முதல் 100 வரை எண்கள் இருக்கும் மாதிரிகள் உண்டு. “நான் 20 தாண்டியதே இல்லை” என்பார்கள். என் கையிலும் வைத்துப் பார்த்தேன், சும்மா எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது என்பார்கள். அந்த எண்ணுக்கு நிலையான பொருள் கிடையாது. முடி அடர்த்தியா, தோல் ஈரமா, பட்டை எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து அதே 20 இன்று ஒன்றாகவும், மழையில் நனைந்த நாளில் வேறொன்றாகவும் இருக்கும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அணிலைத் துரத்தும் வேகத்தில் இருக்கிற நாய்க்கு வலி அவ்வளவாக உறைக்காது. ஓடும்போது முள் குத்தினால் நமக்கே வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரிகிறது. ஆகவே 20க்கு நிற்காத நாய்க்கு 40, அதற்கும் நிற்காவிட்டால் 70. மறுநாள் அது நிதானமாக நடந்து போகும்போது யாரோ அதே 70-ஐ அழுத்துகிறார்கள்.

சரி, வலித்தால் நின்றுவிடும், அதுதானே வேண்டும் என்று கேட்கலாம். “எல்லையைத் தாண்டியதால் இந்த வலி” என்ற வாக்கியம் நாய்க்குக் கிடையாது. வலித்த அந்த நொடியில் கண்முன் எது இருந்ததோ, மூக்கில் எந்த வாசனை ஏறியதோ, அதோடு வலியை முடிந்துவைத்துக்கொள்ளும். சைக்கிளில் வந்த ஒரு சிறுவனைப் பார்க்க வாலை ஆட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிய நாய் ஒன்று என்னிடம் வந்தது. நான்கைந்து முறை அப்படி ஓடியபோதெல்லாம் ஷாக். இப்போது தெருவுக்கு ஓடுவதில்லை என்றுதான் வீட்டார் முதலில் மகிழ்ந்தார்கள். பிறகு சைக்கிள் மணி கேட்டாலே பல்லைக் காட்ட ஆரம்பித்தது. நாயின் கணக்கில் தப்பே இல்லை. சைக்கிள் வரும்போதெல்லாம் கழுத்தில் ஏதோ கடிக்கிறது, எனவே சைக்கிளை விரட்டவேண்டும்.

இதைப் பற்றி ஜெர்மனியின் ஹனோவரில் 14 பீகிள் நாய்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு, ஓடுகிற பொம்மை முயலைத் தொட்ட அதே கணத்தில் ஷாக். இரண்டாம் குழுவுக்கு, கூப்பிட்டும் வராவிட்டால் ஷாக். மூன்றாம் குழுவுக்குக் காரணமே இல்லாமல், எப்போதாவது. உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து மன அழுத்தத்தைக் கணித்தார்கள். முதல் குழுவுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. தொட்டால் கடிக்கும் என்று அவை புரிந்துகொண்டுவிட்டன. மற்ற இரண்டு குழுக்களிலும் ஏறியது. ஷாக் காலரை ஆதரிப்பவர்கள் முதல் குழுவைக் காட்டுவார்கள். ஊர் சுற்றும் நாய்க்கு நாம் காலர் போடுவது எதற்காக? கூப்பிட்டும் வரவில்லை என்பதற்காக. அதாவது, நாம் இரண்டாம் குழு. நம் கை பொத்தானைத் தேடி இரண்டு நொடி தாமதித்தால் மூன்றாம் குழு.

“தெரிந்தவர் கையில் இருந்தால் பரவாயில்லை” என்ற வாதத்தையும் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் சோதித்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வராத, துரத்தி ஓடுகிற பழக்கமுள்ள 63 நாய்கள். ஒரு குழுவுக்குக் காலர் தயாரிப்பாளர்களே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள் காலரோடு பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே பயிற்சியாளர்கள் காலர் இல்லாமல். மூன்றாவது குழுவுக்கு, தின்பண்டம் போன்ற வெகுமதிகளை வைத்துப் பழக்கும் வேறு பயிற்சியாளர்கள். 2020இல் வெளியான முடிவில் மூன்றாவது குழு நாய்கள்தான் குறைந்த கட்டளைக்கு விரைவாகப் பணிந்தன. “அடியாத மாடு பணியாது” என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இந்தக் காலருக்குத் தடையும் இருக்கிறது.

நிலத்தடியில் கம்பி புதைத்து, நாய் அதை நெருங்கினால் கழுத்துக் காலர் வழியாக ஷாக் கொடுக்கும் வேலி வேறு ஒரு ரகம். யாரும் பொத்தானை அழுத்தவேண்டாம் என்பதால் இது நியாயமானது என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாசுச் சத்தத்தில் மிரண்ட நாய் அந்தக் கோட்டை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். மிரட்சி தெளிந்து வீடு திரும்பும்போதுதான் ஷாக் முழுதாக உறைக்கும். தன் வீட்டு வாசலுக்கு வெளியே இரவு முழுவதும் நின்று அழுத நாயை எனக்குத் தெரியும். வேற்று நாய் உள்ளே வந்து கடிப்பதையும் அந்தக் கம்பி தடுக்காது.

ஆகவே நான் காலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்பது, ஓடிப்போய் எங்கே இருந்தது என்பதைத்தான். ஆண் நாய், கருத்தடை செய்யாதது, சில நாட்களுக்கு மட்டும் காணாமல் போகிறது என்றால் எங்கோ ஒரு பெண் நாய் பருவத்தில் இருக்கிறது. அறுவைசிகிச்சை செய்தால் பல நாய்களுக்கு இந்த அலைச்சல் வெகுவாகக் குறையும். பழகிப்போன வழியை மட்டும் சில நாய்கள் விடாது. சத்தத்துக்குப் பயந்து ஓடுகிற நாய்க்கு ஷாக் என்பது பயத்தின் மேல் பயம். வயதான நாய் வழி மறந்து அலையலாம்.

“பேச்சைக் கேட்பதே இல்லை, காலர் போடட்டுமா?” என்று பதினோரு வயது நாயோடு ஒருவர் வந்தார். நாய்க்குப் பின்னால் நின்று உலோகத் தட்டைக் கீழே போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சைக் கேட்கவில்லைதான், காது போய்விட்டது. அந்த நாய்க்கு அதிர்வு மட்டும் தரும் பட்டை வாங்கச் சொன்னேன். அதிர்ந்தவுடன் ஒரு துண்டு கோழி என்று நாளுக்குப் பல முறை செய்தால், அதிர்வு என்பது ‘என்னைத் திரும்பிப் பார்’ என்ற அழைப்பாகிவிடும். ‘எலெக்ட்ரானிக் காலர்’ வேண்டும் என்று கேட்பவர்களில் சிலருக்கு உண்மையில் வேண்டியது நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். பட்டை. அதில் ஷாக் கிடையாது, தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது இரண்டும் சேர்ந்த மாதிரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டால் வரவைப்பது எப்படி? முதலில், இத்தனை நாள் கத்திக் கத்திக் கூப்பிட்ட சொல்லைக் கைவிடுங்கள். அது தேய்ந்துபோன சொல். புதிய சொல்லோ விசிலோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். ஒலி, உடனே நாய்க்கு மிகப் பிடித்த தீனி. பிறகு வாசல், பிறகு ஆளில்லாத மைதானம். வெளியே மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிறு கட்டியிருக்கட்டும். கழுத்தில் கட்டினால் ஓட்டத்தில் சுண்டி இழுத்துக் காயப்படுத்தும். அது வராது என்று தெரிந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டு வராமல் இருந்து பார்ப்பதும் அதற்கு ஒரு பயிற்சிதான். வந்தவுடன் சங்கிலி மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போகிறீர்களா? அப்படியானால் வருவதற்குத் தண்டனை கொடுக்கிறீர்கள். பத்து முறை வந்தால் ஒன்பது முறை தீனி கொடுத்து மறுபடி விளையாட விடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்த நாயையும் அடிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை மனிதர்களுக்கு மிகக் கடினமான பாடம் இதுதான்.

அந்த லாப்ரடாரிடம் திரும்புகிறேன். எங்கே இருந்தது என்று கேட்டபோது உரிமையாளர் யோசித்துவிட்டு, “நான்கு முறையும் ஒரே வீட்டு வாசலில்தான் கிடைத்தது, அங்கே ஒரு நாய் இருக்கிறது” என்றார். பகல் முழுவதும் தனியாகக் கிடந்த நாய் துணை தேடிப் போயிருக்கிறது. கேட்டுக்குக் கூடுதல் கொக்கி, காலையும் மாலையும் நடை, வாரத்தில் சில நாள் அந்த வீட்டு நாயோடு விளையாட்டு, கூடவே விசில் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தபோது ஒரு குழியின் மேல் முடி வளர்ந்திருந்தது, இன்னொன்றின் மேல் வளரவில்லை. “கூப்பிட்டால் வருகிறதா?” என்றேன். “பத்துக்கு எட்டு முறை வருகிறது டாக்டர்.” நீளக் கயிறு இன்னும் காரில்தான் இருக்கிறதாம்.