கன்னத்துக்குள் ஏன் தழும்பு விழுவதில்லை?

முறுக்கு தின்னும் அவசரத்தில் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். நல்ல ஆழமான கடி, ரத்தமே வந்துவிட்டது. அதே வாரம் வண்டி சறுக்கி முழங்காலும் சிராய்த்தது. கன்னம் நாலைந்து நாளில் ஆறிவிட்டது. முழங்காலோ பக்கு கட்டி, அரித்து, நான் சும்மா இருக்காமல் அதைப் பிய்த்து, மறுபடி கட்டி, கடைசியில் ஒரு தழும்போடுதான் ஓய்ந்தது. சின்ன வயதிலிருந்து கன்னத்தை எத்தனை முறை கடித்திருப்போம்! நாக்கால் துழாவினால் ஒரு வடுகூடத் தட்டுப்படாது.

எச்சில்தான் காரணம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. முதலில் அதன் ஈரம். தோல் காயத்தின் மேற்பரப்பு காய்ந்து பக்காகிவிடும். புதிய செல்கள் அந்த ஓட்டுக்கு அடியில் ஈரம் தேடித் துளைத்துக்கொண்டு நகர வேண்டும். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காயவிட்டார், சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் மேல்தோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. வாய்க்குள் அந்தப் படலம் எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு எச்சிலில் ஹிஸ்டாட்டின் என்ற குட்டிப் புரதங்களும் உண்டு. அவை பூஞ்சையைக் கொல்லும், செல்களைக் காயத்தை நோக்கி நகரவும் தூண்டும். (அதற்காக முழங்காலில் எச்சிலைத் தடவ வேண்டாம். வாய்க்கிருமிகளும் கூடவே போய்ச் சேரும்.)

ஆனால் எச்சில் மட்டுமே காரணம் என்றால் ஒரு விஷயம் இடிக்கிறது. வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த இடத்தை அடைக்க, முன்கையிலிருந்தோ மார்பிலிருந்தோ தோலை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைப்பார்கள். இரவும் பகலும் எச்சிலில் ஊறினாலும் அது தோலாகவேதான் இருக்கும். சிலருக்கு அதில் முடிகூட வளரும். அப்படியானால் வித்தியாசம் செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் இதை மனிதர்களிடமே பார்த்தார்கள். தன்னார்வலர்களின் கன்னத்துக்குள் ஒரு சிறு காயம், மேல்கையில் ஒரு சிறு காயம். இரண்டையும் ஒப்பிட்டபோது தெரிந்தது இதுதான்: தோல் செல்கள் அடிபட்ட பிறகுதான் காயத்தை ஆற்றும் மரபணுக்களை முடுக்குகின்றன. கன்னத்தின் செல்களில் அவற்றில் பல, காயமே படாதபோதும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. சாக்ஸ்-2, பிட்எக்ஸ்-1 என்ற இரண்டு புரதங்கள் இதை நடத்துகின்றன. சுண்டெலியின் தோலில் சாக்ஸ்-2ஐக் கூட்டியபோது அங்கேயும் காயம் சீக்கிரம் ஆறியது. சதா முள்ளும் எலும்பும் சூடான காபியும் வந்து இடிக்கிற இடம். உஷாராக இருப்பது நியாயம்தான்.

சரி, வேகம் புரிகிறது. தழும்பு ஏன் இல்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாய் நன்றாக ஆறுவதற்கு ரத்த ஓட்டம் அதிகம் என்று காரணம் சொல்வதுண்டு. ஆனால் ஆறும்போது பார்த்தால், வாய்க் காயத்தில் தோலைவிடக் குறைவான புது ரத்த நாளங்களே முளைக்கின்றன. அழற்சியும் குறைவு, வெள்ளையணுக்கள் அளவாக வந்து சீக்கிரம் கலைகின்றன. தோலிலோ பெரும் படை வந்து இறங்குகிறது. அதோடு டிஜிஎஃப்-பீட்டா-1 என்ற சமிக்ஞைப் புரதமும் கூடுகிறது. அதன் உத்தரவில் நார்செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அள்ளிக் கொட்டி, அவசரத்தில் ஓட்டை அடைக்கிற மாதிரி அடைத்துவிடுகின்றன. அந்த ஒட்டுதான் தழும்பு. வாயில் அந்தச் சமிக்ஞை அடங்கியே ஒலிக்கிறது.

இவ்வளவு கெட்டிக்கார வாயையும் தழும்பேற வைக்க ஒரு பொருள் இருக்கிறது: பாக்கு. வெறும் பாக்கோ, வெற்றிலையோடோ, பான் மசாலாவாகவோ, ஆண்டுக்கணக்கில் அடக்கி மென்றால், அதிலுள்ள அரெகோலின் என்ற ரசாயனம் அதே டிஜிஎஃப்-பீட்டாவைக் கிளப்பிவிடுகிறது. கொலாஜன் சேர்ந்துகொண்டே போகிறது, கரைவது குறைகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, விறைத்து, பட்டை பட்டையாக இறுகுகிறது. காரம் பட்டாலே எரியும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் கருதப்படுகிறது. பல் மருத்துவர் இப்படிப்பட்டவரிடம் முதலில் சொல்வது, “ஆ காட்டுங்க, மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி உள்ளே விடுங்க” என்பதுதான். நோய் முற்றியவருக்கு ஒரு விரல் நுழைவதே பாடு.